ஒரு வீட்டில் எத்தனை அடுப்பு

வெள்ளவத்தையில் காலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை வேலைக்காலம் முழுவதும் கழிவுநீர் ஓட்டத்தின் வரைபடத்தில் பார்த்து வந்தவன் நான். ஒரு கோடு செங்குத்தாக எழும், பிறகு மெல்ல இறங்கும். பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் புறப்படுமுன் ஒரு நகரம் தன்னைக் காலிசெய்துகொள்ளும் கோடு அது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஒரு சிறு மேடு. ஓய்வுபெறும் காலத்தில் மலை. ஒரு மாமரமும் ஒரு கக்கூசும் இருந்த காணிகளில் எட்டு மாடி, ஒன்பது மாடி என்று எழுந்தன. வீட்டுக்கு மூன்று குளியலறை. சொந்தக்காரர்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தார்கள். நல்லூர்த் திருவிழாவைச் சாட்டி ஓகஸ்டில் வந்து இறங்குவார்கள். அந்த மாதம் கோடு தாளை விட்டு வெளியே போய்விடும்.

எங்கள் கட்டிடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் இருப்பது ஆறாம் மாடி. கடல் தெரியும்.

முன்பெல்லாம் அந்தக் கடல்தான் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. இனி அப்படி விட முடியாது என்று தீர்மானமானபோது திட்டம் ஒன்று போடப்பட்டது. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் இருந்த சிறிய சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்குவது, தெற்கின் கழிவையும் பம்பு வைத்து அங்கே தள்ளுவது, சுத்திகரித்த நீரைத் துறைமுகப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் விற்பது. நல்ல திட்டம். இன்றும் அப்படித்தான் சொல்வேன். அதற்கு இரண்டு காற்றூட்டும் தொட்டிகளும் ஒரு படிவுத் தொட்டியும் புதிதாக வேண்டியிருந்தன. தொட்டிகளுக்கு நிலம் வேண்டியிருந்தது. நிலம் நிலையத்தின் பின்மதிலுக்கு அப்பால் இருந்தது. அதில் பதினேழு வீடுகள் இருந்தன.

நிலம் அரசுடையது. வீடுகள் அந்தச் சனங்களுடையவை. உறுதிப் பத்திரம் எவரிடமும் கிடையாது. முத்திரை ஒட்டிய கடிதத்தில் ஒருவர் மற்றவருக்கு விற்று, அவர் இன்னொருவருக்கு விற்று வந்த வீடுகள் அவை. வெளியேறுவோருக்கு மாளிகாவத்தைப் பக்கத்தில் எழும் அடுக்குமாடியில் குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் தலையிடி ஒன்றுதான். குடும்பம் என்றால் என்ன?

இதற்கு எங்களிடம் விடை இருந்தது. ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம், இரண்டு வீடு. மூன்று எரிந்தால் மூன்று. இரத்த உறவு, பிறப்புச் சான்றிதழ், சண்டை, சமாதானம் எதுவும் கணக்கில் இல்லை. இதைவிட நேர்மையான வரைவிலக்கணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கணக்கெடுக்கப் போகும் அதிகாரிக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கேள்வியைக் கேட்கலாம், பதிலைத் தூண்டக் கூடாது. சொன்னதை எழுத வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும்.

என் பதவியின் பெயர் நீளமானது. வேலை சுருக்கமானது. அந்த அலுவலகத்தில் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த மூத்த அதிகாரி நான் ஒருவன். ஆகவே தமிழருக்குச் சொல்ல வேண்டிய கெட்ட செய்திகள் எல்லாம் என்னுடையவை. அந்தப் பதினேழில் ஆறு தமிழ் வீடுகள். நான்காவது வீட்டில்தான் அந்த இரண்டு சகோதரிகள் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்தவர்கள். மூத்தவள் கைம்பெண், ஒரே மகளுடன் வீட்டின் முன்பாதியில் இருந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். இளையவள் கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் பின்பாதியில் இருந்தாள். நடுவில் பலகைத் தட்டி. நான் கதிரையில் உட்கார்ந்து படிவத்தை விரித்ததும் மூத்தவள் கேட்டாள்:

"சேர் தமிழோ? எந்தப் பக்கம் இருக்கிறியள்?"

"வெள்ளவத்தை."

"வெள்ளவத்தையில எவடம்?"

ஒழுங்கையைச் சொன்னேன். அவள் முகம் சட்டென்று கூர்மையானது.

"கடற்கரைப் பக்கக் கட்டிடமோ? அதில வங்கியில இருந்து ரிட்டயர் பண்ணின ஒரு ஐயா இருக்கிறார், தெரியுமோ? மகன் கொம்பியூட்டர் வேலை."

"என்ர மாடிதான். எதிர் வீடு."

அவ்வளவுதான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கட பிள்ளையை அவையள் கேட்டு வந்திருக்கினம் சேர். குறிப்புப் பொருந்தீட்டுது. மகளுக்கு முப்பத்திரண்டு. ஒரு வீடு மட்டும் கேக்கினம். இந்த ஃபிளட் கிடைச்சா எழுதிக் குடுக்கலாம் எண்டு இருக்கிறன்."

பிறகு தட்டியின் பக்கம் திரும்பி, மிக இயல்பான குரலில், "தங்கச்சி, சேருக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவா" என்றாள்.

தட்டிக்குப் பின்னால் பாத்திரம் ஒன்று விழுந்தது. இளையவள் எட்டிப் பார்த்தாள். பேய் பேசியதைக் கேட்டவளின் முகம் அது. தமக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எதையோ விளங்கிக்கொண்டவளாக, "ஓமக்கா" என்றாள். அந்தச் சொல்லை அவள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தவில்லை என்பது நாக்கு தடுக்கியதில் தெரிந்தது.

வீட்டைச் சுற்றிப் பார்ப்பது என் கடமை. முன்பாதியின் மூலையில் ஒரு குசினி, பின்பாதியின் முற்றத்தில் இன்னொன்று. இரண்டு காஸ் சிலிண்டர். இரண்டு அரிசி வாளி, இரண்டிலும் பூட்டு. இரண்டு உப்புப் போத்தல். இதை எல்லாம் கண்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன்:

"இந்த வீட்டில எத்தனை அடுப்பு?"

இரண்டு என்று சொன்னால் இரண்டு வீடு, அது அவளுக்குத் தெரியாது. இரண்டு என்று சொன்னால் சகோதரிகள் முகம் பார்ப்பதில்லை என்பது வெளியே வரும், அது தெரியும். அதை என் எதிர் வீட்டுக்காரர் அறியக்கூடும். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும்போது முதலில் விசாரிப்பது ஒற்றுமையைத்தான். பெண்ணின் தாய் சொந்தத் தங்கையோடு பேசமாட்டாளாம் என்றால், ஏன் என்று கேட்பார்கள். இந்தக் கணக்கு முழுவதும் மூத்தவளின் முகத்தில் நடந்து முடிந்ததை நான் இருந்து பார்த்தேன். வரைபடக் கோட்டைப் பார்ப்பதுபோல.

"என்ன சேர் கேள்வி! கூடப் பிறந்ததுகள். ஒரே அடுப்புத்தான். ஒண்டாத்தான் சமைச்சுச் சாப்பிடுறனாங்கள்."

"நிச்சயமோ?"

"அம்மாவாண."

ஒன்று என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். மூத்தவள் கையெழுத்து வைத்தாள். இளையவள் சாட்சியாக வைத்தாள், அப்போது அவள் கண்ணில் இருந்தது கோபமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

இந்த இடத்தில் நல்ல மனிதர்கள் என்னிடம் சொல்வது உண்டு: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருக்கலாம். "அம்மா, இரண்டென்று சொன்னால்தான் இரண்டு வீடு" என்பது ஐந்தே சொற்கள். அந்த ஐந்து சொற்களைச் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. வேறு அதிகாரிகள் சொன்னார்கள், அவர்கள் போன வீடுகளில் அடுப்புகள் முயல்குட்டிகளாகப் பெருகின. நான் போன வீடுகளில் அப்படி நடந்ததில்லை.

பட்டியல் வெளியான மறுநாள் மூத்தவள் அலுவலகத்துக்கு வந்தாள். ஏழு பேருக்கு ஒரு வீடு, இரண்டு அறை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேர், எங்களுக்கு ஒரு வீடுதான் போட்டிருக்கு."

"ஒரு அடுப்புக்கு ஒரு வீடு."

"உங்களுக்குத் தெரியும்தானே சேர். ரெண்டு குசினியையும் பாத்தனீங்கள்."

"நான் பாத்தது முக்கியமில்லை. நீங்கள் சொன்னதுதான் முக்கியம். கையெழுத்தும் வைச்சிருக்கிறியள்."

"வெக்கத்தில சொல்லீட்டன் சேர்."

"வெக்கத்துக்குப் படிவத்தில இடமில்லை."

மேன்முறையீடு இருக்கிறது என்று சொன்னேன். இருப்பதைச் சொல்வது தூண்டுதல் ஆகாது. கிராம சேவகரின் கடிதம், இரண்டு அயலவரின் சத்தியக் கடதாசி, பிறகு இரண்டு தரப்பும் குழுவின் முன் நேரில் வந்து தாங்கள் பிரிந்திருப்பதை நிறுவ வேண்டும். "ரெண்டு தரப்பும் எண்டா?" என்றாள். "நீங்களும் தங்கச்சியும்," என்றேன். "சேர்ந்து வரவேணும்."

விசாரணை நாளில் மழை. இருவரும் ஒரே குடையில் வந்தார்கள். குழுத் தலைவர் அதை ஜன்னலால் பார்த்துவிட்டார். அவர் சிங்களவர், நிதானமானவர், என்னைப் போலவே ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். மொழிபெயர்ப்பாளர் லீவு என்பதால் அந்த வேலையும் என்னிடம் வந்தது.

"மஹத்தயா, இவர்கள் சண்டைக்காரர்களாகத் தெரியவில்லையே," என்றார் சிங்களத்தில். "ஒரே குடையில் வருகிறார்கள். இரண்டு வீட்டுக்காக வேஷம் போடுகிறார்களா என்று கேளுங்கள்."

கேட்டேன். மூத்தவள், "ஓம் சேர், நாங்கள் கதைக்கிறேல்லை. குடை ஒண்டுதான் இருக்கு," என்றாள்.

மனுப் படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. பிரிந்து சமைப்பதற்கான காரணம். தலைவர் அதைப் பேனாவால் தட்டினார்.

"சின்னப் பிரச்சினை சேர். குடும்பத்துக்குள்ள," என்றாள் மூத்தவள்.

"சின்னப் பிரச்சினை தீர்ந்துவிடும்," என்றார் தலைவர். "அப்போது ஒரே அடுப்பாகிவிடும். நிராகரிக்கலாம்தானே?"

அதையும் தமிழில் சொன்னேன். இளையவள் தமக்கையின் முழங்கையைத் தொட்டாள்.

"சொல்லனக்கா."

"வாயைப் பொத்து."

"பொத்திக்கொண்டுதானே பதினொரு வருசம் இருந்தனான். என்ர மூண்டு பிள்ளையளும் எங்க படுக்கிறது? உன்ர குசினியிலயோ? நீ சொல்லாட்டி நான் சொல்லுறன்."

"நீ வாய் திறந்தா நான் செத்தாலும் உன்ர முகத்தில முழிக்கமாட்டன்."

"இவ்வளவு காலமும் முழிச்சனியோ?"

தலைவர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?" ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். செயலாளர் எழுதத் தொடங்கினார்.

அதன்பின் அது தானாக ஓடியது. மூத்தவளின் மகளுக்குப் பதினொரு வருடத்துக்கு முன் பாரிஸ் மாப்பிள்ளை ஒருவனைக் கொண்டுவந்தது இளையவள், அவள் கணவனின் சொந்தக்காரன். கொழும்பில் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம், முடிந்தது. மாப்பிள்ளை விமானம் ஏறினான். பிறகு ஃபோன் எடுக்கவில்லை. அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. மகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கி விவாகரத்து எடுத்தாள். இது இப்போதைய மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது.

"தெரிஞ்சுகொண்டுதானே தள்ளிவிட்டனி!" என்று மூத்தவள் கத்தினாள். "உன்ர புருசன் எவ்வளவு கொமிஷன் வாங்கினவன்?"

"ஓ, கொமிஷன்! பிரான்ஸ் பிரான்ஸ் எண்டு பறந்தது ஆர்? அவனை எனக்கு வடிவாத் தெரியாது, விசாரிப்பம் எண்டு சொன்னனான். விசாரிக்கிறதுக்குள்ள ஆரும் கொத்திக்கொண்டு போயிடுவினம் எண்டனி!"

"என்ர பிள்ளையின்ர வாழ்க்கையைத் திண்டவள் நீ!"

"நீதான் வித்தனி. நான் தரகர்தான்."

எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். கொமிஷனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. 'குடும்பத் தகராறு, திருமணம் தொடர்பானது' என்று நான்கு சொல்லில் முடித்திருந்தால் தலைவர் ஏற்றிருப்பார். சத்தத்திலேயே அவர் ஏற்றுவிட்டிருந்தார், கையையும் உயர்த்தினார். நான் முடிக்கவில்லை. பாரிசையும் விவாகரத்தையும் வருடக் கணக்கையும் ஒழுங்காகச் சேர்த்தேன். மூத்தவளுக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவள் சத்தம் குறைந்துகொண்டே போய், கடைசியில் என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் திருப்தியோடு கையெழுத்திட்டார். இரண்டு தனிக் குடும்பங்கள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. இரண்டு வீடு.

முடிவுகளைக் காரணத்தோடு மூன்று மொழியிலும் நிலைய வாசல் பலகையில் பதினான்கு நாள் ஒட்டி வைக்க வேண்டும். மற்ற வீட்டார் ஆட்சேபிக்க அவகாசம். தமிழ்ப் பிரதி என்னுடையது. அதில் ஒரு பிழையும் இல்லை.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, லிப்டில் என் எதிர் வீட்டுக்காரர் ஏறினார். வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், விபூதி கலையாதவர், மகனுக்குப் பெண் பார்ப்பதைக் கடன் விண்ணப்பம் பார்ப்பதுபோலப் பார்த்தவர்.

"ஐசே, உம்மட்ட ஒரு விசயம் விசாரிக்கோணும். நீர் அந்த நிலைய அலுவலாக் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரியிறனீர்தானே. அங்க மதிலுக்குப் பின்னால ஒரு தாயும் மகளும். என்ன மாதிரிச் சனம்?"

"அலுவலக விசயம் நான் வெளியில கதைக்கிறதில்லை."

"அது தெரியும் ஐசே. ஒரு சொல்லுச் சொல்லும். நல்லதோ, கூடாதோ?"

மூன்றாம் மாடி கடந்தது. "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். "நல்ல சனம்" என்றும் சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். நான் சொன்னது இது:

"முடிவெல்லாம் நிலைய வாசல் பலகையில ஒட்டியிருக்கு. ஆரும் வாசிக்கலாம். வெள்ளிக்கிழமையோட கழட்டிப்போடுவினம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "தமிழிலயும் இருக்கோ?"

"நல்ல தமிழ்."

விதி எதையும் நான் மீறவில்லை. பொது அறிவித்தல் பொதுமக்களுக்கானது. அவர் பொதுமக்களில் ஒருவர். ஆனால் லிப்ட் கதவு திறந்தபோது எனக்கு உள்ளே ஒரு சின்ன இன்பம் இருந்தது. அதற்கு வேறு பெயர் வைக்க இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கு விருப்பமில்லை.

அவர் மறுநாளே ஓட்டோ பிடித்துப் போய், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பலகையை முழுவதும் வாசித்தார் என்று காவலாளி பிறகு சொன்னான். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்புக் கதலிப்பழமும் ஒரு பெட்டி பலகாரமும் வந்தன. "பெரிய உதவி செய்தீர் ஐசே. என்ர பெடியன் தப்பினான்," என்றார் வாசலில் நின்று. நான் உதவி எதுவும் செய்யவில்லை என்று திருத்தினேன். மனைவி பலகாரத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

சம்பந்தம் நின்றுபோயிற்று. குறிப்பு மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். எங்கள் ஆட்கள் இந்த மரியாதைகளில் எப்போதும் கவனமானவர்கள்.

வீட்டுச் சாவி கொடுக்கும் நாளில், புதிய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். சுண்ணாம்பு காயாத மணம். திங்கட்கிழமை பழைய வீடுகளை இடிக்க இயந்திரம் வருகிறது. எனவே அன்றைக்கே எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தமிழ் வீடுகளுக்கு மேசையில் நான் இருந்தேன்.

மூத்தவள் வந்தாள். கூடவே மகளும் வந்தாள். அவளை நான் பார்த்தது அன்றுதான். அவளைப் பற்றி அவ்வளவு எழுதி முடித்த பிறகு. மெலிந்தவள், கண்ணாடி, மருந்துக்கடைச் சீருடை. என்னை வணங்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. இளையவள் இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.

மூத்தவளின் முகம் இறுகியிருந்தது, ஆனால் முதுகு வளையவில்லை. "போனது போகட்டும் சேர்," என்றாள் நான் கேட்காமலே. "வீடு கையில இருக்கெண்டா இன்னொரு இடம் வரும். மட்டக்களப்பில ஒரு பகுதி கேட்டிருக்கினம். அவைக்கு முதல் எழுத்து நடந்தது தெரியும். பெண்சாதியை இழந்தவர். வீடு எழுதினாப் போதுமாம்."

மகள் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த மேசைக்கு வந்தவர்களில் அதை வாசித்தது அவள் ஒருத்திதான். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"பராதீனப்படுத்தலாகாது எண்டா என்ன?"

"விற்பனையாகவோ நன்கொடையாகவோ சீதனமாகவோ இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது," என்றேன்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஒப்பந்தக்காரர் உயிரோடு இருக்கும்வரை."

"அம்மா உயிரோட இருக்கும்வரை."

"ஓம்."

மகள் தாளை மெதுவாக மேசையில் வைத்தாள். தாய்க்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு கேட்டாள், மிகத் தணிந்த குரலில்:

"இது புதுசா வந்ததோ சேர்?"

"இல்லை. முதல் நாளில இருந்து இருக்கு. முதல் அறிவித்தலிலயும் இருக்கு."

"நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்தண்டைக்கு?"

"அண்டைக்கும் இருந்தது."

"மகளுக்கு எழுதிக் குடுக்கப்போறன் எண்டு உங்களுக்குச் சொன்னனான்."

"சொன்னீங்கள். எழுதலாமோ எண்டு நீங்கள் கேக்கேல்லை."

வரிசையிலிருந்து இளையவள் முன்னால் வந்துவிட்டாள். "என்னக்கா? என்ன சொல்லுறார்?" என்றாள். மூத்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்திடாவிட்டால் திங்கட்கிழமைக்குப் பிறகு அவர்களுக்கு வீடே கிடையாது. அதை எவரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வையுங்கோ அம்மா," என்றாள் மகள். "வைச்சுட்டு வாங்கோ. எனக்கு ரெண்டு மணிக்கு வேலை."

மூத்தவள் பேனையை எடுத்தாள். முதல் எழுத்துக் கோட்டுக்கு வெளியே போனது. அது செல்லும் என்றேன். முடித்துவிட்டுப் பேனையை வைக்கப் போனவளிடம், எல்லாப் பக்கத்திலும் வைக்க வேண்டும், மூன்று பிரதியிலும், என்று சொல்லி அடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.